ஒண்ணு வந்தா ஒண்ணு போகணும்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. புதிதாக ஒரு பொருள் உள்ளே வந்தால், அதே இனத்தில் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். பாத்திரம், புடவை, போர்வை, செருப்பு எதற்கும் விலக்கு இல்லை. சட்டத்தைக் கொண்டுவந்தவள் என் மனைவி. நான் அன்றைக்கு இரண்டு கையையும் தூக்கி ஆதரித்தேன். காரணம், அதன்படி முதலில் வெளியே போனது அவள் அண்ணன் சீராகக் கொடுத்த, ஓடினால் தெருவே அதிர்கிற கிரைண்டர். கேமராவும் ஒரு பொருள்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2004-ல் வாங்கிய நிக்கான் டி70 என்னிடம் இருக்கிறது. 2018-ல் வாங்கிய நிக்கான் டி7500-ம் இருக்கிறது. புதியது வந்த அன்று, அட்டையும் கவருமாகத் தரையில் கிடந்ததை நான் பொறுக்கி முடிப்பதற்குள்ளேயே, "எது போகுது?" என்று கேட்டுவிட்டாள். "ரெண்டையும் நல்லா ஒப்பிட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம், இதுலல்லாம் அவசரப்படக் கூடாது" என்றேன். அன்றிலிருந்து வாய்தா வாங்கிக்கொண்டே வருகிறேன். மழைக்காலத்தில் வெளிச்சம் போதவில்லை என்று ஒரு வாய்தா. கோடையில் வெளிச்சம் அதிகம் என்று இன்னொரு வாய்தா. கொரோனா வருஷத்தில் ஊரே அடைத்துக் கிடந்ததால் வழக்கை யாரும் கிளப்பவில்லை.

நடுவில் ஒரு நாள், பழையதைக் கொடுத்தால் என்ன தேறும் என்று ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் கையில் வாங்கினார், திருப்பிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். "பார்ட்ஸுக்கு வேணா எடுத்துக்கலாம் சார்" என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு அதன் தோள்வாரைக்கூட நான் கொடுக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து, "கடை லீவு" என்று சொல்லிவிட்டேன்.

டி70 வந்த காலம் எப்பேர்ப்பட்ட காலம் என்று இன்றைக்குள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். 1999-ல் நிக்கான் டி1 வந்தபோது அதில் இருந்தது 2.7 மெகாபிக்சல். விலையோ, பத்திரிகை ஆபீஸ்களும் பெரிய ஸ்டூடியோக்களும் மட்டும் விசாரிக்கத் துணிகிற விலை. 2003-ல் கேனன் நிறுவனம் 300டி என்ற கேமராவை ஆயிரம் டாலருக்குக் கீழே இறக்கியது. அடுத்த ஆண்டு ஆரம்பத்திலேயே நிக்கான் டி70-ஐ இறக்கிப் பதில் சொன்னது. 6.1 மெகாபிக்சல், செகண்டில் 8000-ல் ஒரு பங்கு வரை ஷட்டர். குடும்பஸ்தன் ஒருவன் பி.எஃப். கடன் போட்டால் எட்டிப் பிடித்துவிடக்கூடிய விலைக்கு எஸ்.எல்.ஆர். டிஜிட்டல் வந்தது அப்போதுதான்.

எட்டிப் பிடித்தேன். பிடிப்பதற்கு முன் மனைவியிடம் ஒரு முழுத்தாள் கணக்கு சமர்ப்பித்தேன். பிலிம் ரோல் ஒன்றுக்கு 36 படம். ரோல் விலை, கழுவுகிற கூலி, பிரிண்டு போடுகிற கூலி. வருஷத்துக்கு இத்தனை ரோல். ஆகவே மூன்றே வருஷத்தில் கேமரா தன் விலையைத் தானே சம்பாதித்துவிடும். அவள் கணக்கை இரண்டு தடவை படித்துவிட்டு, "நாம வருஷத்துக்கு ஒரு ரோல்தானே போடறோம்?" என்றாள். அந்தக் கேமரா இன்றுவரை சம்பாதித்துக்கொண்டே இருக்கிறது.

புதியதை வாங்கியபோது கணக்குத் தாள் எடுபடாது என்று தெரியும். ஆகவே மெகாபிக்சலைக் கையில் எடுத்தேன். பழையதில் 6.1, புதியதில் 20.9. மூன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இதை நான் கூடத்தில் நின்று உரக்கச் சொன்னதை, எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற மகள் உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, அது பரப்பளவுக் கணக்கு. நீளத்துல பார்த்தா 3008 புள்ளி, இப்ப 5568. ரெண்டு மடங்குகூட இல்லை" என்றாள். பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் இப்படி ஒரு சங்கடம் உண்டு.

அவள் அத்தோடு விடவில்லை. ஆல்பத்தில் ஒட்டுகிற 4×6 பிரிண்டுக்கு 1800-க்கு 1200 புள்ளி இருந்தால் தாராளம். அதாவது 22 லட்சம்கூட வேண்டாம். பழையதில் 60 லட்சம் இருக்கிறது. பத்து அங்குல அகலத்துக்குப் பிரிண்டு போட்டாலும் குறை தெரியாது. எங்கள் கூடத்துச் சுவரில் அதைவிடப் பெரிதாக மாட்டியிருப்பது என் மாமனார் படம் ஒன்றுதான். அது ஏதோ ஒரு ஸ்டூடியோவில் துணி போட்டு மூடிக்கொண்டு எடுத்த படம். அதற்கு மெகாபிக்சல் எத்தனை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

நான் விடுவேனா? சென்சார் பக்கம் போனேன். இரண்டு கேமராவிலும் சென்சார் ஏறக்குறைய ஒரே அளவுதான். பழையது 23.7-க்கு 15.6 மில்லிமீட்டர், புதியது 23.5-க்கு 15.7. அதே மனையில் அன்று ஆறு வீடு கட்டினார்கள், இன்று 21 ஃபிளாட் கட்டியிருக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் வெளிச்சம் குறைய வேண்டும். நடந்திருப்பது நேர் எதிர். பழையதில் இருப்பது சி.சி.டி. என்ற வகை, புள்ளிகளில் விழுந்த மின்னூட்டத்தை வரிசையாக நகர்த்திக் கொண்டுபோய், கடைசியில்தான் பெருக்குவார்கள். புதியதில் இருப்பது சீமாஸ். அந்தந்தப் புள்ளியிலேயே பெருக்கிவிடுகிறது. இத்தனை வருஷத்தில் அந்தச் சுற்றுகளும் திருந்திவிட்டதால், இருட்டில் எடுத்தால் படத்தில் மொய்க்கும் புள்ளி இரைச்சல் வெகுவாக அடங்கிவிட்டது. இதை நான் மனைவிக்கு விளக்கி முடித்தபோது அவள் இரண்டு விசில் சத்தத்தை எண்ணி முடித்திருந்தாள்.

சரி, வாய்ப்பேச்சு வேண்டாம், படமே பேசட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். இரண்டு கேமராவுக்கும் பொதுவாக ஒரே லென்ஸ்: பழைய 50 மி.மீ. எஃப் 1.8 டி. கையடக்கம், விலையும் குறைவு. அதற்குள் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் ஒரு திருகைச் சுழற்றி ஃபோகஸ் செய்யும். கிர்ர் என்று ஒரு சத்தம் வரும். நல்லவேளையாக இரண்டு கேமராவிலும் அந்த மோட்டார் இருக்கிறது. லென்ஸை மாட்டுகிற வளையமான நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-ல் வந்தது. நடுவில் எத்தனையோ மாற்றம் செய்தாலும் அந்த வளையத்தை மட்டும் மாற்றாமல் காப்பாற்றிவிட்டார்கள்.

காப்பாற்றி என்ன? நான் டி7500 வாங்கிய அதே 2018-ல், கண்ணாடியே இல்லாத இஸட் வகைக் கேமராக்களையும், வேறு வளையத்தையும் கொண்டுவந்தார்கள். எதையும் அதன் காலம் முடிகிற வருஷத்தில் வாங்குவது என் ராசி. டேப்ரெக்கார்டர் அப்படி, குண்டு டி.வி. அப்படி. ஆனால் அதிலும் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது. பழைய லென்ஸை இஸட் கேமராவில் மாட்ட எஃப்.டி.இஸட். என்று ஒரு இணைப்பு வளையம் நிக்கானே விற்கிறது. அதற்குள் மோட்டார் கிடையாது. அதாவது என் 50 மி.மீ. லென்ஸை அதில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும். ஆகவே மோட்டார் உள்ள இந்த இரண்டு கேமராவும் வீட்டில் இருந்தே தீர வேண்டும் என்று ஒரு மனு போட்டேன். "ஒரு லென்ஸுக்கு எதுக்கு ரெண்டு கேமரா?" என்ற ஒரே கேள்வியில் மனு தள்ளுபடி.

அம்மா படத்துக்கு வருகிறேன். இரண்டையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். புதியதில் எடுத்ததைப் பெரிதாக்கினேன். நெற்றிக் கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றன. கம்மலில் ஒரு கல் விழுந்திருப்பது தெரிந்தது. மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியில் சுற்றியிருந்த நூல், அந்த நூலின் பிசிறு, எல்லாம் தெரிந்தது. நான் பூரித்துப் போய் அம்மாவைப் பார்த்தேன்.

"யாருடா இந்தக் கிழவி?" என்றார்.

பழையதில் எடுத்ததைக் காட்டினேன். முகம் சற்று மென்மையாக, கோடுகள் அடங்கி இருந்தது. "இதுல பரவாயில்லை, என்னை மாதிரி இருக்கு" என்றார். அதற்குக் காரணம் உண்டு, அம்மாவின் அபிமானம் மட்டுமல்ல. டி70-ல் சென்சாருக்கு முன்னால், மெல்லிய கோடுகளை ஒரு துளி மழுக்கிவிடும் வடிகட்டி ஒன்று வைத்திருந்தார்கள். நெருக்கமான நெசவுகளை எடுக்கும்போது அலை அலையாகக் கோலம் விழாமல் இருப்பதற்காக. டி7500-ல் அதை நீக்கிவிட்டார்கள், கூர்மை கூட வேண்டும் என்று. இதைச் சொன்னதும் அம்மா, "எதுக்குடா எடுத்தாங்க? திரும்பப் போட்டுத் தரச் சொல்லு" என்றார். 83 வயதில் இந்தத் துறைக்கு இவ்வளவு தெளிவான கோரிக்கை வைத்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

அதுவரை நான் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கவில்லை. புதிய கேமரா வந்ததிலிருந்து எனக்கு வாழ்க்கை கஷ்டமாகிக்கொண்டு வந்தது. ஏன் என்று யோசித்தால், பழைய கேமரா எனக்குக் கொடுத்தது படங்கள் மட்டும் அல்ல. வண்டி வண்டியாகச் சாக்கும் கொடுத்திருக்கிறது. கண்ணை மூடியபடி பெரியப்பா விழுந்திருக்கிறாரா? டி70-ன் பின்பக்கத் திரை 1.8 அங்குலம்தான், அதில் பெரியப்பா முழுசாகத் தெரிவதே அதிகம், கண் எங்கே தெரியும்? இப்போது 3.2 அங்குலத் தொடுதிரை. விரலால் விரித்தால் பெரியப்பாவின் இமை முடிவரை போகலாம். எடுத்த இடத்திலேயே நாலு பேர் சுற்றி நின்றுகொண்டு, "கண்ணு மூடியிருக்கு பாரு, மறுபடி எடு" என்கிறார்கள். மறுபடி எடுத்தால் பெரியம்மா மூடிக்கொள்கிறார்.

காதுகுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்குக் காது குத்தியபோது டி70 கைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. தாய்மாமன் மடியில் குழந்தை, ஆசாரி ஊசியை எடுக்கிறார், நான் அழுத்துகிறேன். படத்தில் விழுந்தது ஆசாரியின் முதுகு. "செகண்டுக்கு மூணு படம்தான் எடுக்கும், ஃபோகஸ் பண்றதுக்கு அஞ்சே அஞ்சு புள்ளி, நான் என்ன பண்ண?" என்றேன். உறவினர் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மச்சான்கூட, "பாவம், அவரும் என்ன பண்ணுவார்" என்று என் பக்கம் பேசினார்.

பல வருஷம் கழித்துத் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. இப்போது கையில் டி7500. செகண்டுக்கு எட்டுப் படம், 51 ஃபோகஸ் புள்ளி. ஊசி எடுத்ததிலிருந்து குழந்தை வீறிட்டு, வாயில் சர்க்கரை போட்டு, அடங்குகிறவரை விரலை எடுக்கவே இல்லை. கேமரா மிஷின் துப்பாக்கிச் சத்தம் போட்டது. கோயிலுக்கு வந்த வேறு கூட்டம்கூடத் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், படத்துக்குப் படம் ஆசாரியின் முழங்கை. அப்பேர்ப்பட்ட கூர்மை! முழங்கையில் ஒட்டியிருந்த சந்தனம், அதன் வெடிப்பு, அத்தனையும் தெளிவு. 51 புள்ளியில் ஒன்றுகூடப் பிசகவில்லை. தங்கை எதுவும் சொல்லவில்லை. அவள் மருமகன் தன் செல்போனில் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படத்தைத்தான் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

வீடியோவிலும் இதே கதை. டிஜிட்டல் எஸ்.எல்.ஆரில் முதன்முதலாக வீடியோ வந்தது 2008-ல், நிக்கான் டி90-ல். எனது டி70 அதற்கு மூத்தது. "மாமா, அப்படியே வீடியோவும் எடுங்க" என்று யாராவது கேட்டால், "இதுல அந்த வசதி கிடையாதும்மா" என்று மிகுந்த வருத்தத்துடன் சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்துவிடுவேன். டி7500-ல் 4கே வீடியோ. இந்த விஷயம் உறவு வட்டாரத்தில் எப்படியோ கசிந்துவிட்டது. வளைகாப்பு முழுவதும் நின்றுகொண்டே எடுக்கிறேன். ஒரே மூச்சில் 29 நிமிஷம் 59 செகண்டுக்கு மேல் அது பதியாது, தானே நின்றுவிடும். அந்தத் தடையை வைத்த மகானுபாவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். அது நிற்கிற நேரத்தில்தான் நான் ஒரு வாய் காபி குடிக்கிறேன்.

"போட்டோவை எப்ப அனுப்புவீங்க?" என்ற கேள்விக்கும் பழையதில் பதில் தயார். அதில் போடுவது காம்பாக்ட் பிளாஷ் கார்டு, தீப்பெட்டி அகலத்துக்கு. அதைப் படிக்கிற ரீடர் இப்போது தெருமுனைக் கடையில் கிடைக்காது. "ரீடர் கிடைச்சதும் அனுப்பறேன்" என்பேன். அந்தக் கடன்கள் பல இன்னும் நிலுவையில் இருக்கின்றன. சிலருக்குக் கல்யாணப் படம் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. புதியதில் புளூடூத் இருக்கிறது. எடுக்க எடுக்கச் செல்போனுக்குப் படம் தானாகவே போய்விடும். ஆனால் அப்படித் தானாகப் போவது 2 மெகாபிக்சலாகச் சுருக்கப்பட்ட படம். அதை வாட்ஸ்அப் வாங்கி இன்னும் கசக்கிப் பிழிகிறது. 20.9 கொடுத்து வாங்கி, பழைய கேமரா எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கை ஊருக்கு விநியோகித்துக்கொண்டிருக்கிறேன். இதை வீட்டில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மகளுக்குத் தெரிந்தால் வழக்கு திசை மாறிவிடும்.

பழைய கேமரா ஒரே ஒரு இடத்தில் புதியதை அடித்து வீழ்த்தும். அதை நான் கடைசி ஆயுதமாகப் பதுக்கி வைத்திருந்தேன். பிளாஷ் விஷயம் அது. ஷட்டர் என்பது இரண்டு திரை. முதல் திரை விலகும், இரண்டாவது வந்து மூடும். வேகம் கூடக்கூட, முதல் திரை முழுக்க விலகுவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும்; நடுவில் ஒரு இடுக்கு மட்டும் திறந்தபடி நகரும். அப்போது பிளாஷ் மின்னினால் அந்த இடுக்கில் தெரிகிற பாகத்துக்கு மட்டும் வெளிச்சம், மற்றது கருப்பு. ஆகவே ஒவ்வொரு கேமராவுக்கும் பிளாஷோடு போகக்கூடிய வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. டி7500-க்கு அது செகண்டில் 250-ல் ஒரு பங்கு. டி70-ல் அந்த சி.சி.டி.யையே மின்சாரத்தால் திறந்து மூடும் உத்தி இருந்ததால் 500-ல் ஒரு பங்கு வரை போகும். பதிமூன்று வருஷம் கழித்து வந்த தம்பிக்குப் பாதிதான்.

"உச்சி வெயில்ல ஆளை நிறுத்தினா கண்ணுக்குக் கீழ கருப்பா நிழல் விழும். அதைப் போக்கப் பிளாஷ் போடணும். வெயிலை அடக்க ஷட்டர் வேகமா இருக்கணும். ரெண்டும் சேர்ந்து செய்யறது பழசுதான்!" என்று மேஜையைத் தட்டினேன்.

மகள் நகத்தைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்தாள். "பழசுல ஐ.எஸ்.ஓ. 200-க்குக் கீழ இறங்காதே அப்பா. புதுசுல 100 இருக்கு. ஒளியைப் பாதியா வாங்குது, நேரத்தை ரெண்டு மடங்கா எடுத்துக்குது. எஃப் நம்பர் அதேதானே வரும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்சி வெயிலில் பழையதில் ஐ.எஸ்.ஓ. 200, 500-ல் ஒரு பங்கு, புதியதில் ஐ.எஸ்.ஓ. 100, 250-ல் ஒரு பங்கு. இரண்டிலும் எஃப் 10 வாக்கில்தான் வந்து நிற்கிறது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுத்து, விடிகிற நேரத்தில் பிடித்துவிட்டேன். பிளாஷ் மின்னுவது கண்ணிமைக்கிற நேரத்தைவிடக் குறைவு; ஷட்டர் இன்னும் கொஞ்சம் நேரம் திறந்திருப்பதால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால் ஐ.எஸ்.ஓ. பாதியானால் பிளாஷ் இரண்டு மடங்கு வெளிச்சத்தைக் கக்கியாக வேண்டும். ஆகவே அதே பிளாஷை வைத்துக்கொண்டு பழைய கேமரா தூரத்து ஆளையும் எட்டும், புதியது எட்டாது!

காபியைக்கூட வாங்காமல் சமையலறை வாசலில் நின்று இந்தத் தீர்ப்பை வாசித்தேன். மனைவி டிகாஷனை ஆற்றிக்கொண்டே முழுக்கக் கேட்டாள். பிறகு, "அவங்களை எதுக்கு உச்சி வெயில்ல நிறுத்தறீங்க? நிழலுக்கு வரச் சொல்லுங்க" என்றாள்.

இருபது வருஷமாக இந்தத் துறையில் இருக்கிற எனக்கு இது தோன்றியதே இல்லை.

இதற்கு மேல் வாய்தா கிடையாது என்றாகிவிட்டது. கடைசியாக ஒரே ஒரு சோதனை, அதில் எது தோற்கிறதோ அது வெளியே போகும் என்று மகள் அறிவித்தாள். இருட்டுச் சோதனை. டிரைபாடில் கேமரா, அதே 50 மி.மீ. லென்ஸ், அதே எஃப் நம்பர், அதே ஷட்டர் வேகம். எதை எடுப்பது? கூடத்து விளக்கை அணைத்துவிட்டுப் பரணை எடுக்கலாம் என்றாள். தெருவிளக்கிலிருந்து வருகிற பொட்டு வெளிச்சம் மட்டும் பரணில் படும். நானும் சரி என்றேன். ஆராய்ச்சி மும்முரத்தில் இருப்பவன் பரணில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் யோசிப்பானா?

முதலில் டி70. அதன் உச்சம் ஐ.எஸ்.ஓ. 1600. எடுத்தேன். திரையில் இருட்டு. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இருட்டுக்குள் செம்புள்ளிகள், நீலப்புள்ளிகள். பரண் எது, சுவர் எது என்று தெரியவில்லை. "ம், தெரிஞ்ச கதைதான்" என்று மகள் குறித்துக்கொண்டாள்.

அடுத்து டி7500. இதில் சாதாரண உச்சமே 51,200. அதாவது 1600-ஐ ஐந்து தடவை இரட்டித்தால் வருகிற எண், 32 மடங்கு. அதற்கு மேலும் தள்ளிக்கொண்டு போக விட்டிருக்கிறார்கள், 16,40,000 வரை. பழையதைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். அதிலும் ஒன்று எடுத்துப் பார்த்தேன். பரணே தெரியாமல் ஒரே வண்ணப்பொடி. அது விளம்பரத்துக்குப் போட்ட எண். அந்தப் படத்தோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். "51,200-ல எடுங்கப்பா, அதான் நியாயம்" என்றாள். எடுத்தேன்.

பரண் முழுசாக விழுந்துவிட்டது. கொலுப் பொம்மைப் பெட்டி, அதன் மேல் சணல் கயிறு, பித்தளை அண்டா, உடைந்த தொட்டில் கம்பு, எல்லாம் பட்டப்பகலாகத் தெரிந்தது. "ஆஹா, பார்த்தியா, பார்த்தியா!" என்று நானே மனைவியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். எனக்கு வேறு எதிரி வேண்டியதில்லை.

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தை விரித்தாள். செல்போனில் பழகிய கை. அண்டாவைத் தாண்டிப் போனது, பொம்மைப் பெட்டியைத் தாண்டிப் போனது, அதற்குப் பின்னால் ஒரு மூலையில் போய் நின்றது.

"அது என்னங்க மஞ்சப் பெட்டி?"

இங்கே ஒரு முன்கதை சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு 70-300 லென்ஸ் இருக்கிறது. வீட்டு ஆவணங்களின்படி அது என்னுடையது அல்ல. ஆபீஸ் நண்பர் ஒருவர் இரவல் கொடுத்தது. ரொம்ப நாளாகத் திருப்பிக் கேட்காமல் இருக்கிறாரே, என்ன பெருந்தன்மை என்று என் மனைவிக்கு அவர்மேல் தனி மரியாதை. தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு என்று தனியாக ஒரு டப்பா அதிரசம் போகும். அவரும் எதற்கு என்று கேட்காமல் வாங்கிச் சாப்பிட்டுவிடுவார். நல்ல மனிதர்.

"ஏதோ பழைய அட்டைப் பெட்டி" என்றேன்.

"லென்ஸ் படம் போட்டிருக்கே."

"அவர் கொடுத்ததுதான். பெட்டியோட கொடுத்தார்."

"இரவல் கொடுக்கறவர் அட்டைப் பெட்டியோட, வாரண்டி கார்டோட, தெர்மோகோலோடயா கொடுப்பார்?" திரையை இன்னும் விரித்தாள். "மேல பில்லு ஒட்டியிருக்கு. பேரு தெரியல. நீங்களே ஏறி எடுத்துட்டு வந்துடறீங்களா, இல்ல இன்னும் கிட்டப் போய் ஒரு போட்டோ எடுக்கறீங்களா?"

மகள் நைசாக எழுந்து உள்ளே போய்விட்டாள். போகிற போக்கில், "சாட்சி பலமா இருக்குப்பா" என்றாள்.

டி70-ன் திரையைத் திருப்பிப் பார்த்தேன். பரண் முழுக்க இருட்டு. ஒரு பெட்டி தெரிய வேண்டுமே! என் கூட இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய கேமரா, எதைப் பார்க்கக் கூடாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அதை வைத்துச் சோதனை செய்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

தீர்ப்பு மறுநாள் காலை வந்தது. பழைய கேமராவைக் கடையில் போட வேண்டாம், அம்மா படம் எடுக்க இருக்கட்டும். எந்தப் பொருளும் வெளியே போக வேண்டியதில்லை, ஆனால் என்னென்ன உள்ளே இருக்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். பரண், ஸ்டோர் ரூம், என் மேஜை இழுப்பறை, பீரோவின் மேல்தட்டு, எல்லாவற்றையும் பொருள் பொருளாகப் போட்டோ எடுக்க வேண்டும். கேமரா சம்பந்தப்பட்ட சாமான் தனி ஆல்பம். எடுக்க வேண்டியது டி7500-ல். ஏணியில் ஏற வேண்டியது நான். கீழே நின்று புளூடூத்தில் வருகிற படங்களைச் செல்போனில் சரிபார்ப்பது அவள்.

ஏறினேன். முதல் வரிசையிலேயே இரண்டு தோள்பை, ஒரு டிரைபாட், டப்பாவோடு மூன்று ஃபில்டர். ஒவ்வொன்றுக்கும் கீழேயிருந்து, "இது எப்ப வாங்கினது?" என்று குரல் வந்தது. இருட்டாக இருக்கிறது, சரியாக விழாது என்று சொல்ல வாயெடுத்து, யாரிடம் சொல்கிறேன் என்று ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். பேட்டரியாவது சீக்கிரம் தீருமா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் 950 படம் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கிறது. அதை வாங்கிய புதிதில், பெருமையாக, கூடத்தில் நின்று உரக்கப் படித்துக் காட்டியதும் நான்தான்.

"என்ன நின்னுட்டீங்க? இன்னும் பொம்மைப் பெட்டிக்குப் பின்னாடியே வரலையே" என்றாள் கீழேயிருந்து.